சிக்கனம் சொல்லிக்கொடுத்த மகளுக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுகிறேன். உன்னைப் பார்த்துவிட்டு நானும் அப்பாவும் ஊருக்குப் பத்திரமாக வந்து சேர்ந்து, பயண அசதியும் தீர்ந்து, இங்கே எல்லோரும் நலமாக இருக்கிறோம். நீயும் நலம் என்று போனில் சொல்லிக்கொண்டே இருக்கிறாய், நான் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறாய், அதனால்தான் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தே தலை நரைத்தவள் நான். கேட்காமலே சாப்பிட்டேன் என்கிற பெண்ணின் தட்டைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன். போனிலேயே பேசலாம் என்றால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார், நாம் இரண்டு பேரும் பேசுவதைவிட அவர் பேசுவதுதான் அதிகம். அதனால் கடிதம். இப்போது முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. சம்பளத்தைக் கொண்டுவந்து என் கையில்தான் கொடுக்கிறான், ஆனால் சாயங்காலமானால் இஸ்திரி போட்ட சட்டையாகப் பார்த்து மாட்டிக்கொண்டு வெளியே போகிறான், யாரைப் பார்க்க என்று இன்னும் தெரியவில்லை, தெரிந்துகொள்வேன். உன் அப்பா மருந்துக்கடையில் மாத்திரை வாங்கப் போனால் ஒரு மணி நேரம் ஆகிறது. "என் பொண்ணு சொன்ன மாதிரியே செஞ்சோம், பாதிக் காசுல ஊரைச் சுத்திட்டு வந்துட்டோம், அவ்வளவு கெட்டிக்காரி" என்று அதே கதையை அந்த மனிதரிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறார். கடைக்காரரும் தலையை ஆட்டிக்கொண்டே வேறு ஆளுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறார். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றித்தான் நான் உன்னிடம் பேச வேண்டும்.

நாங்கள் அங்கே வந்தபோது, பெரிய நகரத்தில் என் வீட்டுக்கு வர்ணம் அடிக்கிறார்கள், அதனால் உங்களுக்குக் கடற்கரை ஊரில் அறை எடுத்திருக்கிறேன், ஆபீசில் லீவு இல்லை, சனி ஞாயிறு ரயிலில் வந்துவிடுகிறேன் என்று சொன்னாய். அந்த ஊருக்கு நீயும் புதுசுதான் என்று வேறு சொன்னாய். சொல்லிவிட்டு வந்தன்றைக்கே பாடம் ஆரம்பித்துவிட்டாய். தண்ணீர் பாட்டில் காசு கொடுத்து வாங்காதீங்க, குழாய்ல பிடிச்சுக்கங்க. ஹோட்டல்ல மத்தியானமே சாப்பிட்டுடுங்க, அதே சாப்பாடு ராத்திரின்னா ரெண்டு பங்கு. பஸ்ஸுக்குப் பாலம் தாண்டி நடந்து போய் ஏறுங்க, அங்கேர்ந்து டிக்கெட் குறைவு. ரொட்டி காலையில வாங்கவே வாங்காதீங்க, முழு விலை, கடை சாத்தற நேரத்துல பின்பக்க ஜன்னல்ல போய்க் கேட்டா மிச்சத்தையெல்லாம் ஒரு பையில போட்டுச் சல்லிசாத் தருவாங்க. உன் அப்பா ஒவ்வொன்றுக்கும் ஆகா ஆகா என்றார். நானோ முதலில் நீ கஞ்சத்தனம் பழகிவிட்டாய் என்று நினைத்தேன். பிறகு எவனோ ஒருத்தன் உன் சம்பளத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறான் என்று நினைத்தேன், நீ குளிக்கப் போனபோது உன் கைப்பையில் ஆண்பிள்ளை சாமான் ஏதாவது இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன், கோபித்துக்கொள்ளாதே. ஒரு சீப்பும் பாதி ரொட்டியும்தான் இருந்தது.

பிறகு அந்தக் காசு போட்டுத் துணி துவைக்கிற கடை. காயவைக்கிறதுக்கு மூணாவது மிஷின்ல போடுங்கம்மா, அதே காசுக்கு மத்ததைவிட ரொம்ப நேரம் ஓடும் என்றாய். நான் சந்தேகப்பட்டு முதல் மிஷினில் பாதி, மூன்றாவதில் பாதி போட்டுப் பார்த்தேன், நீ சொன்னது சரிதான். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். ஊருக்குப் புதுசாக வந்தவளுக்கு எந்த ஹோட்டல் மலிவு என்று தெரியலாம், யாராவது சொல்லியிருப்பார்கள். மிஷின் சமாச்சாரம் யார் சொல்லித் தருவார்கள்? ஒவ்வொரு வாரமும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, காசை எண்ணிப் போட்டு, எது சீக்கிரம் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத்தான் அது தெரியும். அன்றைக்கே நீ சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப எண்ணிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அதற்கு மறுநாள் மழை. நீ போனில், நூலகத்துக்குப் போய் உட்காருங்க, உள்ள கதகதப்பா இருக்கும், ஜன்னல் ஓரத்து நீல நாற்காலியில சாஞ்சுக்கலாம், தூங்கினாலும் யாரும் எழுப்ப மாட்டாங்க என்றாய். சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றி அப்பாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். நாங்கள் போனோம். உன் அப்பா பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து தூங்கிவிட்டார், நிஜமாகவே யாரும் எழுப்பவில்லை. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் பெண் இதில் பகலில் வந்து தூங்கியிருக்கிறாள், ராத்திரி எங்கே தூங்கினாள் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது, ஜலதோஷம் மாதிரி மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

ரொட்டிக் கடைக்கு மட்டும் நீ எங்களோடு ஒரு நாள்கூட வரவில்லை. தெருமுனையிலேயே போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவாய். கண்ணாடி போட்ட அம்மாகிட்டக் கேக்காதீங்க, அவங்க கறார், ஜன்னல்ல நிக்கிற ஆள்கிட்டக் கேளுங்க என்று சொல்லி வைத்திருந்தாய். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அந்த ஆள் இல்லை, கண்ணாடிக்காரம்மாதான் நின்றார். உன் அப்பாவுக்கு யாரைப் பார்த்தாலும் உன் போட்டோவைக் காட்டியாக வேண்டும். அந்த அம்மா போட்டோவைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், காசை என் கையிலேயே திருப்பி வைத்து மூடினார். எங்களுக்கு அவர் பாஷை தெரியாது, அதனால் உன் படத்தைத் தொட்டார், கடைக்குள்ளே கையைக் காட்டினார், ரொட்டி சுடுகிற தட்டுகளைத் தேய்த்துக் கழுவுகிற மாதிரி செய்து காட்டினார், சூரியன் எழும்புவதைக் காட்டினார். உன் அப்பா என்னிடம், "நம்ம பொண்ணு இங்க வாடிக்கைக்காரியாம், கையைக் கழுவிட்டுச் சாப்பிடச் சொல்றாங்க" என்றார். நான் ஆமாம் என்றேன். உள்ளே ஆணியில், வேலை செய்யும்போது முன்னால் கட்டிக்கொள்கிற ஏப்ரன் தொங்கிக்கொண்டிருந்தது, நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டியதும் அந்த அம்மா எடுத்துக் கொடுத்தார். விடுதியில் சலவைக்குப் போகிற துணி மாறிப் போகாமலிருக்க உள்பக்கத்தில் நூல் அடையாளம் போடுவோமே, உனக்கும் சின்ன வயதிலிருந்து அதைத்தானே பழக்கி வைத்தேன். கழுத்துப் பட்டிக்கு உள்ளே சிவப்பு நூலில் பெருக்கல் குறி, பக்கத்தில் ஒரு கோடு. உன் தையல், அந்தக் கோடு எப்போதும் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

ஆக, எந்த ரயிலிலும் நீ வரவில்லை. நாங்கள் அந்த ஊரில் இருந்த நாளெல்லாம் நீயும் அதே ஊரில்தான் இருந்தாய். விடியற்காலையில் நீ தட்டு கழுவுவதை நாங்கள் பார்த்துவிடக் கூடாது என்றுதான் காலையில் போகாதீங்க என்றாய், விலையைச் சாக்குச் சொன்னாய். என் காதிலேயே பூ சுற்றப் பார்த்திருக்கிறாய். வெளிநாட்டில் இருக்கிற பெண்ணைப் பார்க்கப் போகிறோம் என்று அப்பா ஊரெல்லாம் தண்டோரா போட்டுவிட்டார் என்பதற்காக, இல்லாத காசில் எங்களை வரவழைத்து, அறை எடுத்து, அதில் மிச்சம் பிடிக்க எங்களுக்கே வழியும் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். விமான நிலையத்தில் நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய், காலையில் அந்த அம்மா உன்னிடம் சொல்லியிருப்பார். நான் உன் கையைப் பிடித்தேன், விரல் நுனியெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறி வெடித்திருந்தது. குளிர்ம்மா என்றாய். அப்பா பக்கத்தில் இருந்தார், அதனால் க்ரீம் தடவு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பெரிய வேலை எப்போது போனது, ஏன் போனது என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்க வேண்டும் என்று துடிக்கிறது, ஆனாலும் நீயாகச் சொல்லும்போது சொல். தட்டு கழுவுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆயிரம் தட்டு கழுவுவதை மேற்பார்வை பார்த்தவள்தான் நான். பசியோடு கழுவுகிறாயே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ மாதாமாதம் அனுப்புகிற பணத்தில்தான் இங்கே மாடி எழும்புகிறது. வந்த வாரமே அந்த வேலையை நிறுத்திவிட்டேன். கொத்தனார் சிமெண்டில் கை வைக்கிறார், ஆளை மாற்ற வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். நான் யாரைத்தான் நம்பியிருக்கிறேன் என்று நினைத்து அவரும் அதை நம்பிவிட்டார். பாவம், நல்ல கொத்தனார், கூலி பாக்கி இல்லாமல் கொடுத்து அனுப்பினேன். என் பென்ஷனும் தம்பி சம்பளமும் எங்களுக்குப் போதும், மழை பெய்தால் ஒழுகாமல் இருந்தால் சரி.

இந்தக் கடிதத்தை நீ கொடுத்து வைத்திருக்கிற பெரிய நகரத்து விலாசத்துக்கு அனுப்பவில்லை. ரொட்டிப் பையில் கடையின் விலாசம் அச்சடித்திருந்ததைப் பார்த்து எழுதி, அங்கேயே அனுப்புகிறேன், கண்ணாடிக்காரம்மா உன் கையில் கொடுப்பார். கறாரான ஆள் என்றாய், எனக்கு அவரைப் பிடித்துவிட்டது, நான் நம்புகிற ஒரே ஆள் இப்போது அந்த ஊரில் அவர்தான். நீ நன்றாக இருப்பாய், ஒரு குறையும் வராது, அம்மா மனசார வாழ்த்துகிறேன். ஒன்றை மறக்காதே. அடுத்த மாதம் ஒரு காசு வந்தாலும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், மருந்துக்கடையில் அவர் என்ன பேசுவார் என்று நீயே நினைத்துப் பார். அந்தக் காசில் நாளைக்குக் காலையில், முழு விலை கொடுத்து, சூடாக ஒரு ரொட்டி வாங்கி, உட்கார்ந்து சாப்பிடு. சாப்பிட்டேன் என்று சொல்லாதே, அந்த அம்மாவை எழுதச் சொல்.

உன்னைப் பெற்ற அம்மா