மொந்தன் எழுத்தில் ஒரு தோணி

என் பிரியமான அண்ணனுக்கு,

நீ இருக்கும் இடத்தில் கடல் உண்டா? இங்கே இன்று காற்று அடங்கிக் கிடக்கிறது. தண்ணீர் எது, வானம் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்த மாதிரி வேளையில்தான் உன்னோடு பேச வேண்டும் போலிருக்கிறது.

அச்சாபீசில் உன் மொந்தன் எழுத்து இன்னும் ஓடுகிறது. பூவரசங்கட்டையில் நீ செதுக்கிய குண்டு எழுத்துக்கு, மொந்தன் வாழைக்காய் மாதிரி இருக்கிறதென்று ஊர் வைத்த பெயரை நீயே சொல்லிச் சிரிப்பாய். மெல்லிசுக் கோடு கிடையாது, வால் சுழிப்பு கிடையாது, எல்லாம் ஒரே பருமன். புள்ளிகூட உளுந்தவடை மாதிரி. யுத்த காலத்தில் காகிதம் கிடைக்காதபோது, இடத்தை அடைக்கிறதே என்று முதலாளி முணுமுணுத்தார். "எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் பயப்படக் கூடாது அண்ணாச்சி. எழுத்து அவன 'வாலே, வா'ன்னு கூப்பிடணும்" என்றாய். கோயில் திருநாள், நாடகம், கொழும்புத் தோணி புறப்பாடு, எல்லா நோட்டீசும் அந்த எழுத்தில்தான் சுவரேறின.

நானும் அதில்தான் படித்தேன். உனக்குச் சோறு கொண்டுவந்து, நீ சாப்பிட்டு முடிக்கும்வரை கட்டைகளைத் தடவிக்கொண்டிருப்பேன். அச்சுக்கட்டையில் எழுத்து இடவலம் மாறித்தானே இருக்கும்? எனக்கு அதுவே நேர் என்று பதிந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் செய்த கூத்து நினைவிருக்கிறதா? புதுத் தோணியின் நோட்டீசுக்காக 'அடைக்கலம்' என்று நீ கோத்துவைத்த கட்டைகளைப் பார்த்து, எழுத்தறியாத மனுஷன், தோணியின் முகப்புப் பலகையில் அப்படியே, இடவலம் மாறியபடியே, பெரிதாக வரைந்துவிட்டார். பெயரைத் துணியால் மூடிவைத்துத்தானே புதுத் தோணியை மந்திரிப்பது? கோயில் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துத் துணியை விலக்கிய பிறகுதான் எல்லாரும் பார்த்தார்கள். மந்திரித்த பெயரை அழிக்கக் கூடாது என்றுவிட்டார்கள். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "ஏளா, இதப் படிக்க ஊருக்கே மொகம் பாக்குற கண்ணாடி வேணும். ஒனக்கு வேண்டாம்" என்றாய்.

அடுத்த வருடமே காய்ச்சலில் போய்விட்டாய். உனக்கு என்ன அவசரம், என்னிடம் சொல்லாமல் போனாய்?

இந்த ஐப்பசியில் புயல். கொழும்பிலிருந்து கிளம்பிய தோணிகளில் அடைக்கலம் மட்டும் திரும்பவில்லை. என் வீட்டுக்காரர் அதில் இருந்தார். கரையில் நின்று செபமாலை உருட்டினேன்; பயத்தில் செபமே மறந்துபோனது. ஒரு நாள் காலைத் தூறலுக்குள் ஒரு தோணி மிதந்து வந்தது. பாயைப் பார்த்துத்தான் இன்னார் தோணி என்பார்கள். இதற்குப் பாய்மரமே இல்லை.

"யாரு தோணின்னு தெரியலியே. பேரு இருக்கு, என்னன்னு புடிபடல" என்றார் பக்கத்தில் நின்ற வெளியூர்ப் பெரியவர்.

எனக்கு உன் குண்டு எழுத்து தெரிந்தது, அண்ணே. நீ கூப்பிடுகிற மாதிரியே இருந்தது.

"அடைக்கலம் வருது அண்ணாச்சி" என்றேன். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் இறங்கி வந்து, "அழாதளா, வந்துட்டேம்லா" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

மாசியில் தோணிக்கு வர்ணம் அடிக்கப் போகிறார்கள். பெயரை இப்போது நேராக்கலாம் என்று சாமியாரே சொல்லிவிட்டார். நான் விடமாட்டேன். உன் எழுத்தைப் பார்த்து அவர் வரைந்த கோட்டின் மேலேயே நான் பூசுவேன். என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவளுக்கும் வலப்பக்கத்திலிருந்தே படிக்கச் சொல்லித்தருவேன். எனக்குப் பிறகும் கரையில் நிற்க ஒருத்தி வேண்டுமே.

உன் கட்டையில் எழுத்துப் படித்த தங்கச்சி,
ரோசம்மா