நாங்கள் தாழ்த்திக் காட்டிய வெள்ளக் கோடு

அனுப்புநர்:
ச. மரியசூசை, விவசாயி,
கல்லோடைப்பட்டி,
அரூர் தாலுகா.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: எங்கள் ஓடைப்பாலத்தைக் கட்டிவந்த ஓவர்சியர் திரு. தீர்த்தகிரி அவர்களின் தற்காலிகப் பணிநீக்கத்தை ரத்து செய்யக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊருக்கும் அரூர் சாலைக்கும் நடுவே ஓடை இருக்கிறது. சென்ற ஐப்பசி வெள்ளத்தில் என் தங்கை இன்னாசியம்மாள் பிரசவ வலியோடு இக்கரையிலேயே இரண்டு நாள் கிடந்தாள். குழந்தை தக்கவில்லை.

2. பாலத்தின் முழு வரைபடமும் மேலிடம் போய்க் கையெழுத்தாகி வந்த பிறகே மண்வெட்டியைத் தொட வேண்டும் என்பது விதியாம். அப்படிக் காத்திருந்தால் அடுத்த ஐப்பசியும் வந்துவிடும் என்று, ஓவர்சியர் அவர்கள் அஸ்திவாரத்துக்கு மட்டும் முதலில் படம் வரைந்து சித்திரையிலேயே வேலையைத் தொடங்கினார். கீழே கல் வேலை நடக்க நடக்க, கரையில் உட்கார்ந்து தூண்களுக்குப் படம் போட்டார். விதியை மீறினார்தான், நான் மறுக்கவில்லை.

3. இனி எங்கள் குற்றம். முன்பு வந்த அதிகாரி ஒருவர், வெள்ளம் ஏறும் உயரத்தைக் கேட்டதுமே இங்கே சிறு பாலம் நிற்காது என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பயத்தில் இம்முறை ஊர்கூடிப் பேசி, கரையிலுள்ள புங்கமரத்தில் மூன்றடி தாழ்த்திக் கோடு வெட்டிக் காட்டினோம். "இதுக்கு மேல தண்ணி ஏறுனதே இல்லீங்க" என்று வாய்கூசாமல் சொன்னவன் நானே.

4. ஆடியில் ஒருநாள் பெய்த மழையிலேயே அந்தக் கோடு தண்ணீருக்குள் போய்விட்டது. தூண்கள் அப்போது இடுப்பளவே எழும்பியிருந்தன. அவர் எங்களைத் திட்டவில்லை. "நல்லவேளைங்க, மேல் படத்த இன்னும் முடிக்கல" என்று சிரித்துவிட்டு, அன்றே தூண்களை உயர்த்தி வரைந்தார். அடியில் கரும்பாறை கிடைத்திருப்பதால் அஸ்திவாரம் தாங்கும் என்றும் விளக்கினார். முழுப் படமும் முன்பே முடிந்திருந்தால், என் பொய்யைத்தான் சர்க்கார் சிமெண்டு போட்டுக் கட்டியிருக்கும். தான் வரைந்ததைத் தானே திருத்த வெட்கப்படாத அதிகாரியை என் ஆயுளில் இவரைத்தான் பார்த்தேன்.

5. அனுமதிக்கு முன் தொடங்கினார், நடுவில் உயரத்தை மாற்றினார் என்று அவரை நீக்கிவிட்டார்கள். விளக்கம் கேட்டபோதும் அவர் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று அறிந்து வெட்கத்தால் குன்றிப்போனேன். தூண்கள் மூளியாக நிற்கின்றன. ஐப்பசிக்கு ஐந்து வாரமே உள்ளது.

ஆகவே, அவரை மீண்டும் பணியில் அமர்த்தி, மேல்தளத்தை அவரைக் கொண்டே முடிக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். தண்டனை உண்டென்றால் எனக்குத் தாருங்கள். உண்மையான வெள்ளக் கோட்டை அதே புங்கமரத்தில் நானே வெட்டி வைத்திருக்கிறேன். தாங்கள் நேரில் வந்து அளக்கலாம்.

இன்னாசியம்மாளுக்கு இந்த ஐப்பசிக் கடைசியில் மறுபடியும் பேறுகாலம்.

இடம்: கல்லோடைப்பட்டி
நாள்: 8-9-1972

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
ச. மரியசூசை
(பொய்க் கோடு காட்டியவன்)