கனவில் வராத வீட்டுக்காரி

பிப்ரவரி 3, செவ்வாய்

வெட்கக்கேடு. எழுதிவிட்டாலாவது ஆறுமா என்று பார்க்கிறேன்.

இன்று காலை ஹில்ஸ்பரோ படகுத்துறையில், வெயிலில் வெந்து சிவந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி என்னிடம் வழி கேட்டார்கள். வழியைச் சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கலாம். தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு, "கரியக்கூக்காரர்களான நாங்கள் பொதுவாகவே…" என்று ஆரம்பித்துவிட்டேன். பின்னாலேயே ரம் கடைக்காரி எஸ்லின் நின்றிருந்ததைக் கவனிக்கவில்லை. படகில் வந்த சர்க்கரை மூட்டையை எடுக்க வந்திருக்கிறாள். மூட்டை கீழே விழுகிற மாதிரி சிரித்தாள்.

"ஏ, எல்லாரும் கேளுங்க! ட்ரினி சொல்றான், 'நாங்க'ளாம்! யோவ், உன் தொப்புள்கொடியை எந்த மரத்தடியில புதைச்சாங்க? இங்கயா, போர்ட் ஆஃப் ஸ்பெயின் சாக்கடையிலயா?"

துறைமுகமே சிரித்தது. அந்த வெள்ளைக்காரர்களும் சிரித்தார்கள், புரியாமலே. பதினோரு வருஷமாக இந்தக் கரியக்கூ தீவில் இருக்கிறேன். ட்ரினிடாடில் என் பெயர் பெல்கிரேவ், நகைச்சுவைப் பத்தி எழுதுகிறவன், வாசகர்கள் உண்டு. இங்கே வெறும் ட்ரினி.

பிப்ரவரி 4

லெஸ்தேர் கிராமம் வரை செய்தி வந்துவிட்டது. ஆடுகூட ஒரு தினுசாகப் பார்க்கிறது.

பிப்ரவரி 11, புதன்

இங்கிலாந்திலிருந்து காஸ்மஸ் பேசினான். நான் குடியிருக்கும் இந்த வீடு அவனுடைய அம்மா ஒட்டிலியாவுடையது. நாற்பது வருஷம் முன்பு ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் போனவர் திரும்பவே இல்லை. போன அக்டோபரில் அங்கேயே இறந்தார். நான் அவரைப் பார்த்ததில்லை. வாடகை, ஒழுகும் கூரை, எலி, எல்லாம் காஸ்மஸோடுதான் பேச்சு.

"மிஸ்டர் பெல்கிரேவ், மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஆனா பார்படாஸ்காரர் ஒருத்தர் கேக்கறாரு, தங்கும் விடுதி கட்டறதுக்கு. தம்பிகளும் சரின்னுட்டாங்க. மே கடைசிக்குள்ள காலி பண்ணிக் கொடுத்துட்டீங்கன்னா…"

"அதற்கென்ன, தாராளமாக" என்றேன். தாராளமாகவாம்! போனை வைத்த பிறகு முகம் கழுவப் போய், மூன்று தரம் கழுவினேன். நனைந்துகொண்டே இருந்தது.

பிப்ரவரி 19

பதினோரு வருஷம் முன்பு, மூன்று நாள் படகுப்பந்தயம் பார்க்க வந்தவன் நான். கையில் இரண்டு சட்டை. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஒரு மனைவி இருந்தாள், இன்னும் முறைப்படி என்னை விட்டுப் போயிருக்கவில்லை.

இரண்டாம் நாள் விண்ட்வர்டு கிராமத்தில் புதுப் படகு ஒன்றைக் கடலில் இறக்கினார்கள். முட்டுக்கட்டைகளை ஒவ்வொன்றாக வெட்டினார்கள். படகு பெருமூச்சு விடுகிற மாதிரி ஒருக்களித்துச் சாய்ந்தது. நான் ஓரமாக நின்று குடித்துக்கொண்டிருந்தேன். அப்போது கேப்டன் கத்பர்ட் (அன்றைக்கே கிழவர்தான்) என் கிளாஸைப் பிடுங்கித் தான் குடித்துவிட்டு, வடத்தை என் கையில் திணித்தார். "பார்த்துட்டு நிக்கறியே, இழுய்யா!" இழுத்தேன். முன்னால் ஒரு பாதிரியார், பின்னால் ஒரு கசாப்புக்காரர், எல்லோர் வாயிலும் ஒரே பாட்டு. படகு தண்ணீரைத் தொட்டபோது உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. என் ஊருக்குத் திரும்பும் படகு அதற்குள் போய்விட்டது. நான் அதைத் தேடவுமில்லை.

பெண்ணிடம் விழுந்தவன் என்றாவது எழுந்திருப்பான். பத்து மைல்கூட நீளமில்லாத மண்ணிடம் விழுந்தவனை என்ன செய்வது?

பிப்ரவரி 27, வெள்ளி

வீடு தேடுகிறேன். "உனக்கில்லாத வீடா ட்ரினி!" என்று எல்லோரும் தோளில் தட்டுகிறார்கள். அதோடு சரி. ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒன்று புரூக்ளினில் இருக்கும் மகளுக்காம். ஒன்று என்றைக்கோ வரப்போகும் பேரனுக்காம். ஒன்று செத்துப்போன அப்பாவுக்கேவாம். செத்தவருக்கு வீடு இருக்கிறது. மூச்சுவிடுகிற எனக்கு இல்லை.

ட்ரினிடாடில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன். "வா, பின்னறை காலியாத்தான் இருக்கு. இஸ்திரி மேஜையை மட்டும் எடுக்க முடியாது, பார்த்துப் படு" என்றாள்.

மார்ச் 12, வியாழன்

மழை இல்லை. தொட்டித் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. ஆடுமாடுகளை அவிழ்த்துவிட்டாயிற்று. ஒரு கிடா என் பத்தியின் முதல் பக்கத்தைத் தின்றது. பத்திரிகை ஆசிரியர் அது குறைவதைக் கவனிக்கவே இல்லை என்பது தனிச் செய்தி.

ஊரில் புதுப் பரபரப்பு. ஒட்டிலியா கனவில் வர ஆரம்பித்துவிட்டார். இங்கே செத்தவர் கனவில் வந்து கேட்டால் கேட்டதுதான். சமைத்து, ஊரைக் கூட்டி, மேளம் அடித்துப் படைத்தே ஆகவேண்டும். கோர்ட் உத்தரவுக்கு மேல்முறையீடு உண்டு, இதற்குக் கிடையாது.

எஸ்லின் கடையில் சொன்னாள்: "வாசல்ல நிக்கறா. கையில காலித் தட்டு. அதைத் தட்டித் தட்டிக் காட்டறா. பசியில வயிறு ஒட்டிப்போச்சு அவளுக்கு."

"என் கோழிக்கூண்டைக் காட்டினா" என்றார் கேப்டன் கத்பர்ட். "அப்புறம் என் பானையைக் காட்டினா. கறுப்புச் சேவல்தான் வேணுமாம். தலைமேல விரலை வெச்சு, கொண்டையை ஆட்டிக் காட்டறா. நானென்ன மறுக்க முடியும்?"

தபால்காரருக்குக் காதைத் திருகிவிட்டுப் போனாராம். எதற்கென்று அவருக்குத் தெரியுமாம், எங்களிடம் சொல்ல மாட்டாராம்.

பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "அவ வீட்டுல, அவ கட்டில்லயே படுத்திருக்கே. உனக்கு வரலையா?"

வரவில்லை.

மார்ச் 15

வரவில்லை. இரவு வேண்டுமென்றே கூக்கூக் களி இரண்டு உருண்டை, மேலே ஆட்டுக்கறி. முன்னாள் மனைவி வந்தாள். தண்ணீர் வரி கட்டியாயிற்றா என்று கேட்டாள்.

மார்ச் 21, சனி

கேப்டனிடம் கேட்டேன், ஏன் எனக்கு மட்டும் வருவதில்லை என்று. யோசித்துச் சொன்னார்: "செத்தவங்க சொந்தக்காரங்ககிட்டதான் வருவாங்க, தம்பி. வந்து போற ஆள்கிட்ட எதுக்கு வரணும்?" கெட்ட எண்ணமில்லை அந்த மனுஷனுக்கு. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

ஆக, உயிரோடிருப்பவர்கள் கணக்கில் மட்டுமல்ல, இறந்தவர்கள் கணக்கிலும் நான் சுற்றுலாப் பயணி.

கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் அழகாக இருந்தது. என்ன பிரயோஜனம்? யாருக்காக இவ்வளவு அழகு? எனக்கில்லை என்றால் போர்த்தி மூடித் தொலைய வேண்டியதுதானே?

மார்ச் 29, ஞாயிறு

செய்துவிட்டேன். கடவுளே, செய்தே விட்டேன்.

எஸ்லின் கடை. பனிக்கட்டியைப் போட்டால் அடியில் போய் மூழ்குமே, அந்த ஜாக் அயர்ன் ரம். அரைக் கிளாஸ்தான். குடிதான் பேசியது என்றும் சொல்ல முடியாது.

"வந்தா" என்றேன்.

"யாரு?"

"ஒட்டிலியா."

எஸ்லின் துடைத்துக்கொண்டிருந்த கிளாஸை வைத்தாள். "என்ன பண்ணினா?"

"கட்டில் ஓரமா உட்கார்ந்தா. பேசினா."

டாமினோ ஆடியவர்கள் கட்டையைக் கையிலேயே வைத்திருந்தார்கள்.

"பேசினாளா?" என்றாள் எஸ்லின். "வாயைத் திறந்து?"

"ஏன், திறக்காம எப்படி? தெளிவா, கணீர்னு சொன்னா: 'காஸ்மஸ்கிட்ட சொல்லு. இது நான் கட்டின வீடு. விக்கக் கூடாது. வெளியாள் கைக்குப் போகக் கூடாது.'"

கேப்டன் கத்பர்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தபால்காரர் சிலுவை போட்டுக்கொண்டார். எஸ்லின் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுக் கடையைச் சாத்தினாள். பட்டப்பகலில்! புருஷன் செத்த அன்றுகூடச் சாத்தாதவள்.

போயும் போயும் ஒரு வந்தேறியிடம் வந்து பேசிவிட்டாரே என்று அவர்களுக்குத் திகைப்பு. இருக்கட்டும், பேசினார் என்றே இருக்கட்டும். எனக்கு இந்த வீடு வேண்டும்.

மார்ச் 31

காஸ்மஸ் போன் செய்தான். "எஸ்லின் சொன்னாங்க. நீங்க உங்க வாயால சொல்லுங்க." சொன்னேன். "இன்னொரு தடவை." சொன்னேன். "அதே வார்த்தையாலயே?" அதே வார்த்தைகள் என்றேன். பொய்யை மனப்பாடம் செய்வது சுலபம், நாமே எழுதியதுதானே. மறுமுனையில் அவன் அழுதான். ஐம்பது வயது பஸ் ஓட்டுநர், குழந்தை மாதிரி.

வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 2

விற்பனை நின்றது! பார்படாஸ்காரருக்குக் கையை விரித்துவிட்டார்கள்.

சமையலறையில் நான் ஆடினேன். ஜன்னல் வழியாகக் கிடா பார்த்தது. பார்க்கட்டும்.

ஏப்ரல் 24, வெள்ளி

படையலுக்கு ஏற்பாடு. என் முற்றத்தில் பெண்கள் சோற்றைப் பிசைந்து உருட்டுகிறார்கள். தண்ணீர் சுமப்பது என் வேலை. "ட்ரினி, அந்தப் பானை." "ட்ரினி, விறகு." "ஒட்டிலியா பேசின ஆளு, கொஞ்சம் தள்ளி நில்லு, காலு தடுக்குது!" இவ்வளவு உரிமையாக என்னை யாரும் திட்டியதில்லை. நெஞ்சு நிறைந்தது. நிறைந்த இடத்திலேயே ஒரு முள்ளும் இருக்கிறது.

எஸ்லினிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா? சோற்றுருண்டையிலிருந்து தலையைத் தூக்காமலே, "சொல்ல வந்ததைச் சொல்லாதே. அடுப்பைப் பாரு" என்றாள். நான் வாயே திறக்கவில்லையே!

மே 2, சனி

காஸ்மஸும் மனைவியும் பகல் படகில் வந்தார்கள். படையலுக்கு வருகிறவர்களுக்கு எதற்கு இத்தனை பெட்டி? தையல் மிஷின் எதற்கு?

தரையில் ரம்மும் தண்ணீரும் ஊற்றி ஒட்டிலியாவைக் கூப்பிட்டார்கள். கறுப்புச் சேவல், ஆடு, உருட்டின சோறு, கூக்கூ. அவருக்கான தட்டை உள்ளே, என் மேஜையில் வைத்து, கதவைத் திறந்துவிட்டார்கள். அது அவர் வந்து சாப்பிடுகிற நேரம், யாரும் உள்ளே போகக்கூடாது. மேளம் ஆரம்பித்தது. அவரவர் குலத்துக்கு அவரவர் ஆட்டம். ஆப்பிரிக்காவின் எந்த மூலையிலிருந்து வந்தோம் என்று ஆளாளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு ஆட்டம் இல்லை. கைதட்டினேன்.

காஸ்மஸ் என்னைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

மே 3, ஞாயிறு

காலையில், என் மேஜையில், என் கோப்பையில் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னான்:

"அம்மா சொன்னதைக் கேட்டப்புறம் அங்க இருக்க முடியல. வேலையை விட்டுட்டேன். வெளியாள் கைக்குப் போகக் கூடாதுன்னுட்டாங்களே. நாங்களே வந்துட்டோம், மொத்தமா. நீங்க அவசரப்படாதீங்க, மிஸ்டர் பெல்கிரேவ். மாசக் கடைசி வரைக்கும் இருங்க."

அவன் மனைவி திரைச்சீலைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

மே 4

வெளியாள். அந்த வார்த்தையைச் சொல்லும்போது நான் பார்படாஸ்காரனைத்தான் நினைத்தேன். சத்தியமாக.

மே 9, சனி

சாப்பிடப் பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால்? வேலையை விட்டு, வீட்டை விட்டு வந்திருக்கிறான். தினம் காலையில் அந்தக் கட்டிலோரம் உட்கார்ந்து கையால் தடவுகிறான். போய்ச் சொல், பெல்கிரேவ்! எல்லாம் புளுகு, ரம் கடையில் வைத்து ஜோடித்தது என்று போய்ச் சொல். முடியுமா உன்னால்? முடியாது. பொய் சொல்லத் துணிச்சல் இருந்தவனுக்கு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் துணிச்சல் இல்லை.

பத்திரிகை ஆசிரியர் எழுதியிருந்தார்: "சமீபத்தில் உங்கள் எழுத்தில் கொஞ்சம் சிரிப்புக் குறைகிறதே?"

மே 17

இன்று முழுக்கப் படுத்திருந்தேன். அலைச்சத்தம். முன்பெல்லாம் அது என்னைக் கூப்பிடுவதாக நினைப்பேன். அலை யாரையும் கூப்பிடுவதில்லை. அலை அடிக்கிறது, அவ்வளவுதான்.

மே 24

அக்கா கேட்கிறாள், எத்தனை மணிக்கு வருவாய், இஸ்திரித் துணியை ஒதுக்கவேண்டும் என்று.

மே 30, சனி. படகில்

எழுதத் தோன்றவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

துறைமுகத்துக்குக் காஸ்மஸ்தான் என் பெட்டியைச் சுமந்து வந்தான். எஸ்லின் வறுத்த மீன் பொட்டலத்தோடு நின்றாள். "அங்க போயி மெலிஞ்சு தொலையாதே. அப்புறம் நாங்க பட்டினி போட்டு அனுப்பினோம்னு பத்தி எழுதுவே." மூக்கைச் சிந்திக்கொண்டாள். கேப்டன் கத்பர்ட் கையைக் குலுக்கினார். வடம் பிடித்துக் காய்ப்பேறிய கை.

படகு சங்கு ஊதிவிட்டது. காஸ்மஸ் என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனான். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த மாதிரி, கூச்சத்தோடு கேட்டான்:

"அம்மா குரல் எப்படி இருந்துச்சு?"

போகிற நேரத்தில் இன்னொரு பொய்தானே? நன்றாகவே சொன்னேன். "கொஞ்சம் கரகரப்பு. ஆனா இதமா இருந்தது. உன் குரல் சாயல்தான்."

"என் சாயலா!" அவன் முகம் மலர்ந்துவிட்டது. திரும்பி எஸ்லினிடம், "அக்கா, என் சாயலாம்!" என்று கத்தினான். எஸ்லின் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதென்ன கேள்வி காஸ்மஸ்" என்றேன். "பெத்த பிள்ளை, உனக்குத் தெரியாததா?"

"நான் கேட்டதே இல்லையே, மிஸ்டர் பெல்கிரேவ்" என்றான். "அம்மா பிறவி ஊமை. ஊருக்கே தெரியுமே."