ஒரு வாய் வெற்றிலையும் நாலாவது பிளக்கும்

டிசம்பர் 9, செவ்வாய்

நல்ல பனி. பால் ஏற்றும் பிக்கப் வண்டி கிளம்பவே இல்லை. ஆள் சேர்த்துத் தள்ளி, சொசைட்டிக்குப் போவதற்குள் பால் டேங்கர் போய்விட்டது. அத்தனை வீட்டுப் பாலையும் திருப்பிக் கொடுத்தேன். திட்டாமல் வாங்கிக்கொண்டார்கள். அதுதான் சுட்டது.

சொசைட்டிச் செயலாளர் கந்தப்பன் மட்டும் விடவில்லை. "இன்னொரு நாள் இப்படி ஆச்சுன்னா வேற வண்டி பாத்துக்கறோமுங்க."

வீட்டுக்காரருக்கு முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன். வீடும் அதில்தான் ஓடுகிறது. இந்த ஓட்டமும் போனால்? அவரைப் பெற்ற அத்தைக்கு என்ன, "பொம்பள ஓட்டற வண்டீல நான் ஏறமாட்டேன்" என்று ஒரே பேச்சு.

டிசம்பர் 10, புதன்

விடியும் முன்பே அக்கம்பக்கத்தார் வந்து தள்ளிக்கொடுத்தார்கள். நல்லா இருக்கட்டும்.

இன்ஜினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் போயிருக்கும், அதனால்தான் குளிரில் எடுக்கவில்லை என்று போனில் சொன்னான் மலையாளி மெக்கானிக் ஜிதின். அவன் திருச்சூரில், தங்கை கல்யாணத்தில். புது பிளக் நாலும் வாங்கி வந்து நானே இறங்கினேன். பழையதில் மூன்று கழன்றன. நாலாவது துருவேறி அசையவில்லை. டீசல் ஊற்றினேன், ஸ்பேனரில் தொங்கினேன் — ம்ஹூம். உள்ளே ஒடிந்தால் இன்ஜின் தலையையே இறக்க வேண்டும். அழுகையே வந்துவிட்டது.

கையெல்லாம் கிரீஸ். ஜிதினுக்கு அத்தைதான் போன் போட்டார். "ஆத்யம் ஒன்னு முறுக்கியிட்டு, பின்னே மெல்லெ அழிச்சா மதி" என்றானாம். அத்தை இந்தக் கேரள எல்லையிலேயே பிறந்தவர், மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. "முறுக்கறதுன்னா வெத்தல போடறது அம்மிணி. மொதல்ல ஒரு வாய் போட்டுட்டு மெல்லக் கழட்டோணுமாம்."

இது ஒரு யோசனையா! கத்த வாயெடுத்தேன். அதற்குள் சுண்ணாம்பு தடவி நீட்டிவிட்டார். வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"எதுக்கு இந்த அவசரம்? பையச் செய்யி. இன்னைக்கி முடியலீன்னா நாளைக்கி" என்றார்.

வாய் சிவந்து, கோபம் இறங்கி, மறுபடி ஸ்பேனரை வைத்தேன். கிரீச்சென்று ஒரு சத்தம். வந்துவிட்டது — முழுசாக!

டிசம்பர் 11, வியாழன்

வண்டி ஒரே சாவியில் எடுத்தது. டேங்கர் வருமுன்பே போய் நின்றேன். முருகா, உனக்குக் கோடி கும்பிடு.

டிசம்பர் 13, சனி

ஜிதின் வந்தான். கதையைக் கேட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தான். "எண்ட சேச்சி, பிளக் முறுக்கானா பறஞ்ஞது!" மலையாளத்தில் முறுக்குவது என்றால் வெற்றிலை போடுவதும்தான், இறுக்குவதும்தான்; முதலில் பிளக்கைக் கொஞ்சம் இறுக்கி, பிறகு திருப்பு என்றிருக்கிறான். பிறகு அவனே சொன்னான், நாங்கள் மென்றுகொண்டிருந்த நேரத்தில் டீசல் துருவுக்குள் இறங்கி இளக்கியிருக்குமாம். அவர் தப்பாகப் புரிந்துகொண்டதை அத்தையிடம் சொல்லவில்லை. எதற்கு?

ஜனவரி 4, ஞாயிறு

வேலந்தாவளம் கடைவீதிக்குக் கிளம்பினேன். வண்டியின் முன்கதவு திறந்தது. அத்தை.

"வெத்தல தீந்துபோச்சு அம்மிணி."

"நானே வாங்கியாறனுங்க அத்தை."

"உனக்கு நல்ல வெத்தலக் கவுளி பாக்கத் தெரியாது" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். அவர் துப்ப வசதியாகக் கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டியை எடுத்தேன்.