காப்பு நாளில் வந்த போர் வண்டி

20 ஜூலை 1987
காலனிக்கு அடிபம்பு அனுமதியாகிவிட்டது. யூனியன் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தும், இந்த ஒரு காகிதத்துக்காக ஆறு மாதம் மேசை மேசையாக அலைந்தேன். 27ஆம் தேதி துளைபோடும் போர் வண்டி வரும். காலனியில் இருக்கும் சாலம்மாளிடம் சொன்னேன். "மெய்யாத்தானுங்களா ஐயா?" என்று மூன்று தடவை கேட்டாள். ஏரித் தண்ணீரைக் குடித்துக் குடித்து அவள் மகள் நிர்மலாவுக்கு வயிறு போய்க்கொண்டே இருக்கிறது.

24 ஜூலை
மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினோம். எங்கள் குடும்பத்து முறை. இந்த வருஷம் என் கையில்.

25 ஜூலை
அட முட்டாளே! குளிக்கும்போதுதான் உறைத்தது. காப்புக் கட்டினால் பத்து நாளைக்கு ஊர் எல்லைக்குள் மண்ணைத் தோண்டக் கூடாது. எனக்கா தெரியாது? தேதி கேட்டு வாங்கியவனும் நான், காப்புக்குக் கை நீட்டியவனும் நான்.

27 ஜூலை
வண்டி வந்தது. கோயில் தர்மகர்த்தா கண்ணாயிரம் பெரியப்பா ரோட்டிலேயே மறித்தார்.
"இன்னாடா, கையில காப்பக் கட்டிக்கினு மண்ணுல கம்பிய எறக்குவியா? பத்து நாளு பொறுத்தா குடியா முழுகிப்பூடும்?"
டிரைவர் என்னைப் பார்த்தார். நான்தான் திருப்பி அனுப்பினேன். அம்மனுக்குப் பயந்தா, பெரியப்பாவுக்குப் பயந்தா — தெரியவில்லை. சாலம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

11 ஆகஸ்ட்
வண்டி வெள்ளிமலைப் பக்கம் போய்விட்டதாம். இனி செப்டம்பர் மூன்றாவது வாரம்தான் என்கிறார்கள்.

19 ஆகஸ்ட்
நிர்மலாவை உளுந்தூர்பேட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். எட்டு வயசு. குளுக்கோஸ் ஏற்ற அந்தக் கையில் நரம்பே கிடைக்கவில்லையாம்.

3 செப்டம்பர்
பிள்ளை வீடு திரும்பிவிட்டது. அப்பாடா.

18 செப்டம்பர்
எங்கள் சாதிச் சங்கத்தின் சாலை மறியல், இரண்டாம் நாள். ரோடெல்லாம் புளியமரங்கள் வெட்டிக் கிடக்கின்றன. பஸ்ஸே இல்லை, போர் வண்டி எங்கே வரும்? நானும் போய் உட்கார்ந்தேன். எங்கள் பிள்ளைகளுக்கு இட ஒதுக்கீடு கேட்பது நியாயம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. "காலனிக்காரன் ஒருத்தனாச்சும் வந்தானா பாரு" என்றார் பெரியப்பா. எந்த முகத்தோடு அவர்களைக் கூப்பிடுவது என்று நான் அவரைக் கேட்கவில்லை. அவரோடு வாதாடத் தெம்பில்லை.

21 செப்டம்பர்
மறியலால் கூலி வேலை நின்று ஐந்து நாள். காலனிக்குப் பின்னால் தூர்ந்து கிடந்த பழைய கிணற்றில் காலனி ஆட்களே இறங்கித் தூர்வார ஆரம்பித்துவிட்டார்களாம். சாலம்மாள் புருஷன் பிச்சைமுத்துதான் முதலில் மண்வெட்டியைத் தூக்கினானாம்.

26 செப்டம்பர்
கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது! பார்க்கப் போனேன். நல்ல ஊற்று. நிர்மலா ஒரு சொம்பில் மொண்டுகொண்டு என்னிடம் ஓடி வந்தாள். சாலம்மாள் எட்டி அவள் தோளைப் பிடித்தாள்.
"ஐயாவுக்கு இத்தக் குடுக்காத கண்ணு. கடைக்கு ஓடி ஒரு சோடா வாங்கினு வா."
கோபமில்லை, கேலியில்லை. மரியாதையாகத்தான் சொன்னாள்.
எனக்கு நல்ல தாகம். சொம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 'இங்கே கொடும்மா' — இரண்டே வார்த்தை, வாயில் வரவில்லை. சோடா வரும்வரை நின்றேன். குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.