கை தூக்காத வாக்கு

ஒரு காலத்துத் தோழிக்கு,

இன்று ஊர்க்கூட்டத்தில் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். நீ காய்ச்சல் என்று வரவில்லை. உன் அப்பா வேறு மாதிரி சொல்வார்.

போன வருடம் ஊர்க்குழுத் தேர்தலில் அவருக்கு எதிராகக் கை தூக்கியவள் என் அம்மா ஒருத்திதான். அடுத்த வாரமே அவருடைய மர ஆலையில் அம்மாவுக்கு வேலை போயிற்று. "உங்கம்மா இனிமே வீட்டுலயே கையைத் தூக்கிட்டு உக்காரட்டும்டி" என்று பள்ளிப் பேருந்தில் சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் நூலகத்துக்குப் போய் நம் வெர்மாண்ட் மாநிலச் சட்டத்தைப் படித்தேன். ஏழு வாக்காளர்கள் கேட்டால் கை தூக்க வேண்டாம், சீட்டில் எழுதிப் போடலாம். பனிக்காலம் முழுக்கக் கதவு கதவாகத் தட்டி ஏழு பேரைச் சேர்த்தேன்.

இன்று மறுபடி அதே தேர்தல். கூட்டத்தை நடத்தியவர் "கையைத் தூக்குங்க" என்றதுமே அந்த ஏழு பேரில் ஒருத்தியான திபோ அம்மாள் எழுந்தாள்.

"சீட்டுல எழுதணும்."

உன் அப்பா சிரித்தார். "யாருக்கும்மா பயம்?"

"உன் ஆலையில வேலை செய்யற என் ரெண்டு பசங்களுக்குத்தான்டா."

மற்ற ஆறு பேரும் எழுந்தார்கள்.

அவர் படுதோல்வி அடைந்தார். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், எழுதியது யார் என்று தேடி. யாரும் கண்ணைத் தாழ்த்தவில்லை. வாக்கில்லாதவர்கள் பெஞ்சிலிருந்து அதை ஆசைதீரப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை.

எல்லோரும் போன பிறகும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. கூடத்தின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
பேருந்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்தவள்