உங்கள் பேரில் உள்ள நிலம்

என் உயிராயிருந்த செல்வி அப்பாவுக்கு,

நம் செல்வி எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிவிட்டாள். கும்பகோணத்துக் கல்லூரியில் பி.யூ.சி.க்கு இடமும் கிடைத்துவிட்டது. ஓடிவந்து சொல்ல நீங்கள் வயலில் இல்லையே என்று அன்றைக்கு அழுதேன். இப்போது அழக்கூட நேரமில்லை.

கல்லூரிக்குச் சம்பளம் கட்டுவதும் ஹாஸ்டலும் நம்மால் ஆகாது. சர்க்கார் உபகாரச் சம்பளம் தரும், வருமானச் சான்றிதழ் மட்டும் வேண்டும் என்று அவளுடைய டீச்சர் சொன்னார்கள். மனுவையும் அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். கூலிக்காரி வருமானத்தை எழுத என்ன கஷ்டம் என்று நினைத்துத்தான் ஊர்க் கணக்குப்பிள்ளையிடம் போனோம்.

புருஷன் பேர் என்ன என்று கேட்டார். வழக்கம்போல நான் செல்வியைப் பார்த்தேன், அவள் சொன்னாள். கணக்கைப் புரட்டியவர் சிரித்தார்.

“ஏம்மா, ஆறு ஏக்கர் நஞ்சை இருக்கே அவன் பேர்ல! மிராசுதார் பொண்டாட்டிக்கு எதுக்கு உபகாரச் சம்பளம்?”

“அது யார் நிலம்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?”

“எனக்குத் தெரியும். சிட்டாவுக்குத் தெரியாதே.”

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உச்சவரம்புச் சட்டம் வந்ததும், சர்க்கார் எடுத்துக்கொள்ளக் கூடாதென்று பண்ணை ஐயா நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் பேரில் எழுதிவைத்தார். நீங்களும் போய்க் கைநாட்டு வைத்துவிட்டு வந்தீர்கள். “இன்னையிலேர்ந்து நான் மிராசுதாருடி, காலை அமுக்கு” என்று நீட்டினீர்கள். நான் சிரித்துக்கொண்டே தட்டிவிட்டேன். மறுநாள் அதே வயலில் கூலிக்கு நாற்றுப் பறித்தோம்.

ஐயாவிடம் போய் நின்றேன். “படிப்புச் செலவை நான் பாத்துக்கறேன். தாசில்தார்கிட்ட மட்டும் போயிடாதே” என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. செல்விதான் ஒத்துக்கொள்ளவில்லை.

“அப்பா அவருக்குக் கைநாட்டு வச்சாரு. நான் படிச்சுட்டு வந்து கையெழுத்து வைக்கணுமாம்மா?”

டீச்சர் விசாரித்துவிட்டார்கள். நிலம் நம்முடையதல்ல என்று பெண்சாதி நேரில் வாக்குமூலம் கொடுத்தால் தாசில்தார் சான்றிதழ் தரலாமாம். தரலாம் என்றுதான் சொன்னார்கள், தருவார் என்று சொல்லவில்லை. திங்கட்கிழமைக்குள் அதைக் கல்லூரியில் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும். கொடுத்தாலும், ஐயாவை மீறிய எனக்கு இனி பண்ணையில் வேலை இல்லை. நடவு வேறு வரப்போகிறது. குடிசை மனைக்குப் பட்டா இருக்கிறது, கிளப்ப முடியாது. அந்த ஒரு தைரியம்தான்.

அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. உங்கள் பேரை நானே சொல்ல வேண்டுமாம், மகள் சொன்னால் செல்லாதாம். கல்யாணமான நாளிலிருந்து இந்த வாயில் வராத பேர். முதல் தடவை சொல்வதே, பொய்யாகக் கைநாட்டு வைத்தார் என்று சொல்லத்தானா? உங்கள் மேல் வழக்குப் போடுவார்களோ? செத்தவர் மேல் போட முடியுமா? யாரைக் கேட்பேன்?

நேற்று அடுப்படியில் சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேருக்கு மேல் வரவில்லை. வாசலிலிருந்து செல்வி, “சத்தமா சொல்லும்மா, தாசில்தாருக்குக் காது மந்தமாம்” என்றாள். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறோம். உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன், உங்கள் பேரைத் தலை குனிந்து சொல்ல மாட்டேன். ஐயா சொன்னார், நீங்கள் வைத்தீர்கள். முடியாது என்று சொல்ல அன்றைக்கு நம் தெருவில் யாருக்கு வாய் இருந்தது? தாசில்தார் கேட்காவிட்டாலும் அதையும் சேர்த்தே சொல்லிவிட்டு வருவேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நாளைக்குப் பாதியில் நின்றுவிடக் கூடாது என்று இங்கேயே எழுதிப் பழகுகிறேன்.

இப்படிக்கு,
மாணிக்கம் பெண்சாதி
அஞ்சலை